சிவப்பு நூல் கட்டிய சீசா

"ப்ளக்."

மாடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தபோது சாயங்காலம்தான். ஆனால் டிசம்பரில், இங்கிலாந்தின் மில் ஊரான பிரெஸ்டனுக்குச் சூரியன் வேண்டாவெறுப்பாக வரும் விருந்தாளி. வந்ததாகக் காட்டிவிட்டு, தொப்பியைக்கூடக் கழற்றாமல் கிளம்பிவிடும். மிச்ச வெளிச்சத்தை மில் புகைபோக்கிகள் தின்றுவிடும். நான் கீழே இருட்டில் குழந்தைத் துணிகளைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

மாடியில் என் மகள் செசிலி அழுதுகொண்டிருந்தாள். பல் முளைக்கிறது. அந்த அழுகை எனக்குப் பழக்கம். பயமுறுத்தியது அந்த "ப்ளக்". தக்கையைப் பிடுங்கும் சத்தம். அதற்குப் பின் நடந்தது இன்னும் மோசம். அழுகை மெள்ள மெள்ளத் தேய்ந்தது. சாவி கொடுக்க மறந்த கடிகாரம்போல் நின்றுபோனது.

ஈரக்கையோடு ஓடினேன். தொட்டிலருகே என் கணவர் ஜெத்ரோ கிளெக் நின்றார். ஒரு கையில் சீசா, ஒரு கையில் கரண்டி. முகத்தில், அப்போதுதான் செங்கடலைப் பிளந்துவிட்டு வந்தவரின் களை.

"பார்த்தியா வினி? ஒரே கரண்டி! கப்சிப்!"

"என்னங்க கொடுத்தீங்க?"

"என்னத்தைக் கொடுப்பேன்? நம்ம சரக்குதான். கிளெக் அமைதிப் பாகு."

"ஐயோ, அதுல அபினி இருக்குங்க!"

"மெல்லப் பேசு, தெருவுக்குக் கேட்கப்போகுது. அபினின்னா என்ன? செடியில விளையறதுதானே? ரோஜா மாதிரி."

"ரோஜாவை யாரும் கரண்டியில ஊத்திக் கொடுக்கிறதில்லைங்க."

"கன்னியாஸ்திரீங்ககிட்ட படிச்ச பொண்ணைக் கட்டாதேன்னு எங்கண்ணன் அப்பவே சொன்னான். எதைச் சொன்னாலும் பதிலைத் தயாரா வெச்சிருக்கா."

என் கணவர் வியாபாரி. சீசாவில் ஒட்டிய தாளில் மட்டும் அவர் பேராசிரியர். எதில் என்று எழுதத் தாளில் இடம் போதவில்லை. ஏனென்றால் அதில் வியாதிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்: பல் முளைக்கும் வலி, வயிற்று உப்புசம், கக்குவான், பெரியவர்களுக்கு வாதம், வழுக்கை, மனச்சோர்வு. எல்லாம் ஒரே சீசாவில் தீரும். மரணத்தை மட்டும் சேர்க்கவில்லை. அதையும் அந்தச் சீசாவே கவனித்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டாரோ என்னவோ.

அன்று இரவு முழுக்க செசிலியின் மூக்கின் கீழ் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இமையைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணின் கருமணி ஊசிமுனையாகச் சுருங்கிக் கிடந்தது. கையில் ஜெபமாலை இருந்தது. மணிகளை உருட்ட மறந்து, அவள் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். மறுநாள் மத்தியானம்தான் கண் திறந்தாள். திறந்தவள் அழவில்லை. அதற்கும் சேர்த்து நான் அழுதேன்.

கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மார்த்தாக்கா எட்டிப் பார்த்தாள். மில்லில் தறி ஓட்டுகிறவள். தறிச் சத்தத்தில் பேசிப் பேசி, ரகசியத்தைக்கூட ஊருக்கே சொல்லுவாள்.

"என்னடி வினி, நேத்து உன் வீட்டுக் கச்சேரியே கேட்கலை?"

"தூங்கினாக்கா."

"பாகு கொடுத்தீங்களா? நல்லது. எங்க குட்டிப் பய டோபிக்கும் அதானே கொடுத்தேன். நான் ஷிப்டுக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் அசைய மாட்டான். கடைசி நாள்கூட அழலைடி. ஆட்டுக்குட்டி மாதிரி தூங்கினான். சாவுச் சீட்டுல பல்லு வலிப்புன்னு எழுதிக் கொடுத்தாங்க." அவள் சுவரில் இருந்த கரியை விரலால் தேய்த்தாள். "அந்த மருந்து மட்டும் இல்லேன்னா எப்படித் துடிச்சிருப்பான்! உன் புருஷனுக்காக இன்னும் நான் ஜெபம் பண்றேன்."

நான் வாயைத் திறந்தேன். பிறகு துணி கவ்வியை வாயில் வைத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரி உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே என் கணவர் ஒரு மாபெரும் முடிவை அறிவித்தார்.

"வினி, நம்ம வியாபாரத்துக்கு ஒரே ஒரு எதிரி இருக்கான்."

"யாருங்க?"

"செசிலி."

"என்னது?"

"தெருவே கேட்குது! அமைதிப் பாகு விக்கிறவன் வீட்டுல அமைதி இல்லேன்னா ஜனங்க என்ன நினைப்பாங்க? மீன்காரன் மூக்கைப் பொத்திட்டு மீன் வித்தா எவன் வாங்குவான்? அதனால, சனிக்கிழமை சந்தைக்கு நீயும் வர்றே, அவளும் வர்றா. வண்டி மேல நிக்கிறீங்க. அவ கத்துவா. நான் எல்லார் முன்னாடியும் பாகு கொடுப்பேன். தூங்கிடுவா. பேராசிரியரோட சொந்தக் குழந்தை! இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?"

"வேண்டாங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன். நேத்தே அவ மூச்சு..."

"மூச்சு மூச்சுன்னு! வாராவாரம் சந்தையில நானே முதல்ல ஒரு கிளாஸ் நிறைய குடிச்சுக் காட்டுறேனே, என் மூச்சு நின்னுபோச்சா?"

மறுத்துப் பயனில்லை. நான் வராவிட்டால் அவரே தூக்கிக்கொண்டு போவார். குழந்தை தகப்பனுடையது என்கிறது சட்டம். பெற்றவளுக்குத் துணி பிழிகிற பாத்தியதை மட்டும்தான்.

ஆனால் அவர் கேட்ட கேள்வி என் காதிலேயே நின்றது. உண்மைதானே? ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கிளாஸ் குடிக்கிறார். பிறகு வீட்டுக்கு வந்து ஆட்டிறைச்சியைச் சாப்பிட்டு, அதற்கு மேலே பாட்டும் பாடுகிறார். ஒரு கரண்டியில் என் குழந்தை பாதி செத்துப் பிழைத்தாள். ஒரு கிளாஸில் இவர் பாடுகிறாரே?

பாகு காய்ச்சுவது பின்கட்டில். உள்ளே போனதும் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். கொல்லன் பட்டறையில் சொல்லி அடித்தது, என் மணிக்கட்டு கனம் இருக்கும். "உள்ளே இருக்கிறதை ஒருத்தரும் தொடக்கூடாது" என்பார். சீசா கழுவுவது, தாள் ஒட்டுவது, தக்கை அடிப்பது எல்லாம் என் வேலை. ஒரே ஒரு சீசாவின் கழுத்தில் மட்டும் அவர் சிவப்பு நூல் கட்டியிருப்பார். அது சந்தையில் அவர் குடிப்பதற்கு. அதை நான் கழுவக்கூடக் கூடாது.

வெள்ளிக்கிழமை அவர் தாள் வாங்க அச்சகத்துக்குப் போனார். நான் பின்கட்டுக்குப் போனேன். சிவப்பு நூல் சீசாவைத் திறந்து விரலில் தொட்டு நக்கினேன். கருகிய சர்க்கரை, கொஞ்சம் சோம்பு, மிச்சம் குழாய்த் தண்ணீர். மடத்தில் கிறிஸ்துமஸுக்கு எங்களுக்குக் கொடுத்த பானம்கூட இதைவிடக் காரமாக இருக்கும். வேறொரு சீசாவைத் திறந்து நக்கினேன். முதலில் இனிப்பு. அடியில் கசப்பு. நாக்கு மரத்துப்போனது.

ஆக, விஷயம் அவருக்கும் தெரியும். அதுதான் என்னைக் கதிகலங்க வைத்தது. அறியாமல் செய்கிறார் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மடத்தில் எங்களுக்கு லத்தீனைவிட நன்றாகப் பூத்தையல் சொல்லிக்கொடுத்தார்கள். எப்படிப்பட்ட முடிச்சையும் அவிழ்த்து, அவிழ்த்த சுவடு தெரியாமல் திரும்பக் கட்டுவேன். சிவப்பு நூல் ஒரு கழுத்திலிருந்து இன்னொரு கழுத்துக்கு மாறியது. நூல் ஏறிய அபினிச் சீசாவில் பாதியைக் கொட்டிவிட்டுத் தண்ணீர் சேர்த்தேன். எனக்குக் கணவர் வேண்டும். கொஞ்சநேரம் தூங்கும் கணவர் போதும். சோம்புத் தண்ணீர் சீசா என் மேலங்கிப் பைக்குள் போனது.

சனிக்கிழமை இருட்டில் சந்தை நிரம்பி வழிந்தது. தூறல். சீறும் எண்ணெய் விளக்குகள். வெந்த பட்டாணி வாசனை. மில்லிலிருந்து நேரே வந்த பெண்கள், சால்வைக்குள் ஆளுக்கொரு குழந்தை. முன்வரிசையில் மார்த்தாக்கா, சால்வைக்குள் ஒன்றுமில்லாமல்.

"தாய்மார்களே!" என்று என் கணவர் வண்டி மேல் நின்று கைகளை விரித்தார். "இது மருந்தில்லை. அமுதம்! துருக்கி சுல்தானோட நாப்பது பிள்ளைகளும் இதைக் குடிச்சுத்தான் தூங்குது! விஷம்னு சொல்றாங்க சில டாக்டருங்க. விஷமா? இதோ, உங்க கண்ணு முன்னாடி நானே குடிக்கிறேன்!"

சிவப்பு நூல் சீசாவை எடுத்தார். கிளாஸில் நிறைய ஊற்றினார். ஒரே மடக்கு. ஒரு நொடி முகம் கோணியது. ஆனால் மேடையில் நிற்கிற மனிதர் முகத்தைக் கோண வைத்துக்கொள்ள முடியுமா? சிரித்தார்.

"ஒரு கிளாஸ்தானா ஜெத்ரோ?" என்று மார்த்தாக்கா கத்தினாள். "எங்க வீட்டுக்காரரு ஆறு கிளாஸ் பீர் குடிச்சிட்டு இதே சிரிப்புதான் சிரிப்பாரு! இன்னொண்ணு அடி!"

கூட்டம் கைதட்டியது. நான் ஒரு கிளாஸ் குடிப்பார் என்று கணக்குப் போட்டுத்தான் தண்ணீர் கலந்திருந்தேன்.

"போதுங்க" என்றேன்.

"பார்த்தீங்களா, பொண்டாட்டிக்குப் பொறாமை!" என்று சொல்லி இரண்டாவதையும் குடித்தார். "இப்ப என் சொந்த ரத்தம்! வினி, சீசாவைக் கொடு."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். செசிலி ஒரு கரண்டி சோம்புத் தண்ணீரைக் குடித்தாள். நாக்கைச் சப்பினாள். பிறகு தொண்டையைத் திறந்தாள். சந்தைக் குதிரைகள் காதை விடைத்துக்கொண்டு திரும்பின. நான் கேட்டதிலேயே அழகான அழுகை அதுதான்.

"கொஞ்சம் பொறுங்க... வேலை செய்ய நேரம் ஆகும்" என்று இன்னொரு கரண்டி கொடுத்தார். அவள் இன்னும் பலமாகக் கத்தினாள். "தாய்மார்களே, இந்தப் பாகு... வழுக்கைக்குப் பல்லு முளைக்கும். குழந்தைக்கு வாதம்... வந்தே தீரும். சுல்தானோட நாப்பது... நாப்பது..."

"நாப்பது என்ன ஜெத்ரோ?"

"நாப்பது சுல்தானும் தூங்கியாச்சு" என்றார். சொன்னவர் வண்டிக் கைப்பிடியில் சாய்ந்தார், சறுக்கினார், வைக்கோலில் உட்கார்ந்தார். குறட்டை வந்தது.

மகள் கத்துகிறாள். தகப்பன் தூங்குகிறார். சந்தை விழுந்து விழுந்து சிரித்தது.

"மருந்து வீடு மாறிப் போயிடுச்சுடி!"

"எனக்கு ஒரு சீசா கொடு, எங்க ஆளுக்கு ஊத்தணும்!"

மார்த்தாக்காவும் சிரித்துக்கொண்டேதான் வண்டியில் ஏறினாள். அவர் கன்னத்தைத் தட்டினாள். "எழுந்திருய்யா சுல்தானே." விளையாட்டாக அவர் இமையைத் தூக்கினாள். விளக்கு வெளிச்சம் கண்ணில் விழுந்தது.

அவள் சிரிப்பு நின்றது.

"வினி" என்றாள். தறிக்காரியின் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை. "இந்தக் கண்ணை நான் பார்த்திருக்கேன்டி. டோபிக்கு இப்படித்தான் இருந்துச்சு. ஊசி முனை மாதிரி. நான் அதைப் பல்லுன்னு நினைச்சேன்."

செசிலியை அவள் கையில் கொடுத்தேன். கத்திக்கொண்டிருந்த குழந்தையை மார்த்தாக்கா அப்படியே இறுக்கிக்கொண்டாள். கீழே ஒரு பெண் சால்வையை விலக்கித் தன் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த சீசாவை, திறக்காமலே, வண்டியில் வைத்தாள். அடுத்தவளும் வைத்தாள். சீசாக்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தம் மட்டும்.

"இவரைத் தூங்க விட்டா போச்சு" என்றாள் மார்த்தாக்கா கடைசியில். "நடக்க வைக்கணும். அறைஞ்சு எழுப்பணும்."

செசிலியை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். முதல் அறை அவளுடையது. அது வைத்தியத்துக்கு. இரண்டாவது எதற்கென்று நான் கேட்கவில்லை. பின்னால் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ரொட்டிக் கடையில்கூட அவ்வளவு ஒழுங்கான வரிசையைப் பார்த்ததில்லை. கருங்காபியும் அறையும் மாறி மாறிக் கொடுத்து, சேற்றில் மேலும் கீழும் நடத்தி, என் கணவரைப் பிழைக்க வைத்தார்கள். அவர்கள் கை ஓயும்வரை நான் ஜெபம் செய்தேன்; இந்தமுறை மணிகளை ஒழுங்காக உருட்டினேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் முகம் அவித்த கிழங்கு மாதிரி வீங்கியிருந்தது. கண்ணில் மட்டும் பழைய களை திரும்பியிருந்தது.

"வினி! என்ன வீரியம் பார்த்தியா? என்னையே சாய்ச்சிடுச்சு! எப்படியோ சீசா மாறிப்போச்சு, என் கவனக்குறைவுதான். போகட்டும். இனிமே குழந்தைங்க வேண்டாம், தாய்மார்ங்க நன்றிகெட்டவங்க. பெரியவங்களுக்கு! 'கிளெக் இரவு அமுதம்'! இப்பவே ஒரு கொப்பரை காய்ச்சணும். அடுப்பை மூட்டு. அதுக்கு முன்னாடி இவளுக்கு ஒரு கரண்டி கொடு, என் மண்டை வெடிக்குது."

"சரிங்க" என்றேன்.

செசிலியைத் தொட்டிலோடு தூக்கினேன். பின்கட்டுக்குள் போனேன். கொப்பரை, அபினி ஜாடி, மிச்சச் சீசாக்கள் எல்லாம் அங்கேதான். சாக்கடையும் அங்கேதான். செசிலி விடாமல் கத்தினாள். நானும் விடாமல் கொட்டினேன்.

"என்னடி சத்தம் அது? ஏதோ ஊத்துற மாதிரி கேட்குது! வினி, கதவைத் திற! இல்ல, நானே வர்றேன்... இவ கத்துற கத்துல எனக்குத் தூக்கமும் வராது, யோசனையும் ஓடாது!"

கதவைக் கொஞ்சமாகத் திறந்து, கடைசிச் சீசாவை அவர் கையில் கொடுத்தேன்.

"ஒரு கரண்டி குடிச்சிட்டுப் படுங்க. பச்சைக் குழந்தைக்கே ஒண்ணும் பண்ணாதாமே."

அவர் சீசாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பச் சீசாவைப் பார்த்தார். சீசாவை மெள்ளத் தரையில் வைத்தார்.

அவர் நிமிர்வதற்குள் நான் கதவைச் சாத்தி, அவர் கொல்லனிடம் சொல்லி அடித்த தாழ்ப்பாளை உள்ளிருந்து போட்டுவிட்டேன்.