அண்ணி மேல் நான் எழுதிய ரிப்போர்ட்

என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் மிகத் தெளிவான, ஒரு பிழைகூட இல்லாத பொய் அரைப் பக்கம்தான். அதை என் சொந்த அண்ணியைப் பற்றி எழுதினேன்.

அப்போது ஜொகூரில், ரைஸ் குக்கர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் மின்சோதனை டெக்னீஷியனாக இருந்தேன். வரிசையின் கடைசியில் என் மேசை. ஒவ்வொரு குக்கரையும் கருவியில் வைத்து உயர் மின்னழுத்தம் கொடுப்பேன். மின்சாரம் வெளியே கசியாவிட்டால் பச்சை விளக்கு. கசிந்தால் சிவப்பு விளக்கு, கூடவே எச்சரிக்கைச் சங்கு ஊதும். (டிப்ளோமா படித்தவனல்லவா, பச்சை விளக்கு எரிவதே என் கருணையால்தான் என்றொரு நினைப்பு.)

அதே வரிசையில் குக்கருக்குள் வயர் பூட்டுவது என் அண்ணனின் மனைவி. எங்கள் வீடு இருந்த உலு திராமிலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போவோம். பதினோரு வருடம் வயர் பூட்டியவருக்கு அந்த வாரம் லைன் லீடர் பதவி வரவிருந்தது.

அன்று ஆயுத பூஜை. சூப்பர்வைசர் வருவதற்குள் கருவிக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். பக்தி சற்று மிகுந்து, குக்கரைத் தொடும் இரண்டு ஊசிகளுக்கு நடுவிலும் பன்னீரில் குழைத்த ஒரு பெரிய பொட்டு. வேலை தொடங்குமுன், பழுதில்லாத குக்கர் ஒன்றை வைத்துக் கருவியைச் சரிபார்க்க வேண்டும். பூஜையில் நேரம் போய்விட்டது. சரிபார்த்ததாகக் கையெழுத்து மட்டும் போட்டேன்.

முதல் குக்கர் சிவப்பு. இரண்டாவதும் சிவப்பு. நாற்பதாவது வரை சங்கு ஓயவில்லை.

"என்னா தம்பி, உங்க மெஷினுக்குச் சாமி வந்துருச்சா?" என்றார் அண்ணி.

"மெஷின் பொய் சொல்லாது அண்ணி. வயர ஒழுங்கா பூட்டுங்க."

"ஐயோ, அலமாக்! நேத்து பூட்டுன அதே கைதான் லா."

சூப்பர்வைசர் காரணம் கேட்டார். 'வயர் இணைப்பில் கவனக்குறைவு' என்று எழுதி, அண்ணியின் வேலை எண்ணையும் சேர்த்துக் கொடுத்தேன். உடனே அவரைப் பெட்டி கட்டும் பகுதிக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குள் குளிரூட்டியின் காற்றில் பொட்டு காய்ந்திருக்கிறது. அடுத்து வந்ததெல்லாம் பச்சை!

"ஆளை மாற்றியதும் சரியாகிவிட்டது பாருங்கள்" என்று சூப்பர்வைசரிடம் மார்பை நிமிர்த்தினேன்.

மாலையில் அந்த நாற்பதையும் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு வயர்கூடத் தளர்ந்திருக்கவில்லை. அப்போதுதான் காலையில் வைத்த பொட்டு நினைவுக்கு வந்தது. எல்லாரும் போன பிறகு, கருவியை நிறுத்தி, காய்ந்த பொட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். நல்ல குக்கரை வைத்து இயக்கினேன். சிவப்பு. சங்கு. கசிந்தது வயரில் அல்ல, என் ஈரப் பொட்டில். அதைவிட நேர்மையான சோதனையை நான் செய்ததே இல்லை.

பஸ்ஸில் அண்ணி எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். "காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலதானே?" என்று சுண்டல் பொட்டலத்தை நீட்டினார். வாங்கித் தின்றேன்.

சூப்பர்வைசரிடம் உண்மையைச் சொல்ல மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் பதவி வேறொருவருக்குப் போய்விட்டது. சூப்பர்வைசர் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார், அண்ணியைப் பழைய இடத்துக்கு அனுப்பினார். பதவியை மட்டும் திரும்ப வாங்க முடியவில்லை. அது அண்ணிக்குக் கிடைக்க இன்னும் இரண்டு வருடம் ஆனது.

வீட்டில் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டபோது அண்ணி வயிறு குலுங்கச் சிரித்தார். "சாமி மேல பழியப் போடாம என் மேல போட்டீங்களே, அதுவரைக்கும் நல்லது தம்பி." பிறகு அடுப்படிக்குப் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. அந்தச் சிரிப்பை எல்லாரும் மறந்தாலும், அந்த வெகுநேரத்தை நான் மறக்கவில்லை.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எது உடைந்தாலும், கருகினாலும், "அண்ணிதான்!" என்பார்கள். போன மாதம், நான் இப்போது குடியிருக்கும் பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் தெரு முழுக்க மின்சாரம் போய்விட்டது. 'யார் வேலை இது?' என்று என் மகன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்டான். உலு திராமிலிருந்து அண்ணியே பதில் போட்டார்: 'நான்தான். தம்பி ரிப்போர்ட் எழுதிக்கிட்டிருக்காரு.'

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.