அச்சுவேலியில் ஓர் ஆயுதக் குறைப்பு

விண்வெளியில் எந்த நாடும் ஆயுதம் வைக்கக்கூடாது என்று அச்சுவேலியில் ஒரு வாசிகசாலையில், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. முன்மொழிந்தவர் சண்முகநாதன். வழிமொழிந்தவரும் கிட்டத்தட்ட அவர்தான். பக்கத்துக் கதிரையில் நித்திரையாயிருந்தவரின் கையைத் தூக்கிப் பிடித்தது அவர்தானே.

கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் என்று தரையோடு கிடந்த சீவியம், ஓய்வுக்குப் பிறகு யூடியூப் வழியாக ஒரேயடியாக மேலே எழும்பிவிட்டது. செயற்கைக்கோளைச் சுடுகிற ஏவுகணை, செயற்கைக்கோளைக் கட்டிப்பிடித்து முறிக்கிற செயற்கைக்கோள், எல்லாம் அவருக்கு விரல்நுனியில்.

"பக்கத்திலை இருக்கிறவனோடை சமாதானமாய் இருக்கத் தெரியாதவன் வல்லரசே இல்லை!" என்று அவர் பேச்சை முடித்ததும் தேத்தண்ணி வந்தது. கைதட்டல் எதற்கு விழுந்தது என்பது இன்றுவரை தெளிவில்லை.

அந்த மிதப்போடு வீட்டுக்கு வந்தவரை மனைவி குணலட்சுமி வாசல் படலையிலேயே மறித்தாள்.

"இஞ்சாருங்கோ, தம்பி போன் எடுத்தவன். சிவக்கொழுந்தரின்ரை காணியை வாங்கப் போறானாம்."

"எந்தச் சிவக்கொழுந்தர்?"

"எங்கடை வேலிக்கு அங்காலை வெறுங்காணி வைச்சிருக்கிற சிவக்கொழுந்தர்தான். வேறை எத்தினை பேர் இருக்கினம்?"

சண்முகநாதன் படலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

குணலட்சுமியின் தம்பி கோபிசங்கர் கனடாவில் வீடு விற்கிறவன். ரொறன்ரோவில் பஸ் தரிப்பிட வாங்குகளில் அவனுடைய படம் சிரிக்குமாம். சனம் அவன் முகத்தின்மேல் குந்தியிருந்துதான் பஸ்ஸுக்குக் காத்திருக்குமாம். போனமுறை வந்தபோது சுற்றாடல் தரம் அளக்கிற கருவி ஒன்றையும் கொண்டுவந்தான். சாம்பிராணிப் புகையை அளந்தான். பொரியல் புகையை அளந்தான். ஒருநாள் அத்தானின் குறட்டையை அளந்து, அது பாரவண்டிச் சத்தத்துக்குச் சமன் என்று வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் காட்டினான். அவன் விமானம் ஏறிய அன்று சண்முகநாதன் தன் அறைக்குள் போய், கதவைச் சாத்தி, சும்மா இருந்தார். அப்படிச் சும்மா இருப்பது எவ்வளவு பெரிய சுகம் என்று அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியது.

இனி அவன் ஆயுள் முழுக்க வேலிக்கு அங்காலையா?

"நல்ல விசயம்தானே" என்று மனைவிக்குச் சொன்னார். மனதுக்குள் போர்ப் பிரகடனம் செய்தார்.

மயிலிட்டியில் மீன் வியாபாரம் செய்யும் சிமியோன் அவருக்குச் சங்ககாலத்து நண்பன். அதாவது கூட்டுறவுச் சங்க காலத்து. கிணற்றடிக்குப் போய்க் குரலைத் தாழ்த்தி அவனுக்குப் போன் பண்ணினார்.

"வாழைக்குப் போட மீன்கழிவு கொஞ்சம் வேணும்."

"புதுசோ அண்ணை, பழசோ?"

"மணத்துக்கு ஊரைவிட்டு ஓடவேணும்."

"வாழையோ?"

"வாழை நிக்கும். நீ அனுப்பு."

கோபிசங்கர் வந்திறங்கிய அன்று வேலியோர வாழைகளுக்கெல்லாம் உரம் விழுந்திருந்தது. காணி பார்க்கப் போனவன் கருவியை நீட்டினான். அது சிவப்பாகி, கீச்சிட்டு, தானாகவே நின்றுபோனது.

"அத்தான், இஞ்சத்தை எயார் குவாலிட்டி சரியில்லை!"

"அதைத்தான் நானும் எத்தினை காலமாய்ச் சொல்லுறன்" என்றார் சண்முகநாதன், ஒரு நாளும் சொல்லாதவர்.

மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றானே ஒழிய மச்சான் காணி வேண்டாமென்று சொல்லவில்லை. அதனால் இராச்சாப்பாட்டின்போது சண்முகநாதன் விண்வெளியைத் திறந்தார்.

"மணம் சின்ன விசயம் தம்பி. மேலை பார். ஆளுக்காள் செயற்கைக்கோளைச் சுட்டுப் பழகுறாங்கள். உடைஞ்ச துண்டெல்லாம் மேலைதான் சுத்துது. அதிலை ஒண்டு உன்ரை காணிக்கு நேரை விழுந்தால்?"

கோபிசங்கரின் கையில் புட்டு அப்படியே நின்றது. உலகத்தில் எதையும் அளந்து பார்த்தே பயப்படுகிறவன் அவன். அளக்க முடியாத பயம் அவனுக்குப் புதிது.

"அத்தானுக்கு ஆர் சொன்னது?"

"செயற்கைக்கோள் படங்களே இருக்கு!"

"செயற்கைக்கோள் சொன்னதோ, நீங்கள் சொல்லுற கோளோ?" என்றாள் குணலட்சுமி, சொதியை வார்த்தபடி.

"சும்மா இரும். உமக்கு உதொண்டும் விளங்காது."

"அப்ப எங்கை அத்தான் பாதுகாப்பு?" என்று கேட்டான் மச்சான்.

அந்தக் கேள்வியோடு சண்முகநாதன் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் வாசிகசாலையில் ஒருவரும் அவரிடம் கேள்வி கேட்பதில்லை. முதன்முதலாக ஒரு மனுஷன் வாயைத் திறந்து கேட்டதில் அவருக்குத் தலைகால் தெரியவில்லை.

"கொங்கிறீட்டுக்குக் கீழை! உதோ, என்ரை அறை இருக்கு. வீடு முழுக்க ஓடு, அந்த அறைக்கு மட்டும் கொங்கிறீட். சண்டை நேரம், செல்லடி காலத்திலை தடிப்பாய்ப் போட்டது. இந்த ஒழுங்கையிலை அப்பிடி ஒரு அறை வேறை ஒருத்தரிட்டையும் இல்லை!"

குணலட்சுமி ஒருமுறை தம்பியைப் பார்த்தாள், ஒருமுறை அறையைப் பார்த்தாள். பிறகு கணவருக்கு இன்னொரு அகப்பை சொதி விட்டாள்.

அடுத்தடுத்த நாட்களில் மணம் இரண்டு மடங்காகியது. காகங்கள்கூட வேறு ஒழுங்கைக்கு இடம்பெயர்ந்தன. ஒரே ஒரு லோட்தானே சொன்னோம், இது என்ன இவ்வளவு பலமாய் நிற்கிறது என்று சண்முகநாதனே திகைத்தார். சிமியோன் பழைய நட்புக்குக் கூடுதலாகப் போட்டிருப்பான் என்று நினைத்துக் கண் கலங்கினார். கண் கலங்கியதற்கு மணமும் ஒரு காரணம்.

சிவக்கொழுந்தர் சால்வையால் மூக்கைக் கட்டிக்கொண்டு வந்தார். தன் காணியில் தூர்த்துவிட்ட பழைய மலக்குழிதான் எங்கோ வெடித்துவிட்டது என்று அவருக்கு எண்ணம். குணலட்சுமி அவரை உள்ளே கூப்பிட்டு, கோப்பி கொடுத்து, நெடுநேரம் கதைத்தாள். போகும்போது சிவக்கொழுந்தர் குனிந்த தலையோடு போனார். வியாபாரம் முறிந்தது என்று சண்முகநாதன் முடிவு கட்டினார். அன்று வாசிகசாலைக்குப் போய், உலக சமாதானம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று மறுபடியும் ஒரு பேச்சுப் பேசினார்.

திரும்பி வந்தபோது வேலியோரத்தில் புது மண் கொட்டி மூடியிருந்தது. மணம் பாதியாய்க் குறைந்திருந்தது. குணலட்சுமி முற்றத்தில் பாயாசம் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன விசேசம்?"

"தம்பி காணி வாங்கியாச்சு."

"என்னது? உந்த நாத்தத்துக்குள்ளையோ?"

"நாத்தத்தாலைதான் வாங்கினது. கனடாக்காரன் எண்டு கேட்டவுடனை சிவக்கொழுந்தர் விலையை விண்வெளிக்கு ஏத்திவைச்சிருந்தவர். இப்பதான் தரைக்கு வந்தவர்."

சண்முகநாதன் திரும்பி வேலியோர வாழைகளைப் பார்த்தார்.

"நீங்கள் எடுப்பிச்ச லோட் போதாதப்பா. மனுசன் விலையிலை கொஞ்சமும் இறங்கேல்லை. பிறகு நான்தான் சிமியோனுக்குப் போன் பண்ணி இன்னொரு லோட் எடுத்தனான்."

"உமக்கு... உமக்கு எப்பிடித் தெரியும்?"

"கலியாணம் கட்டின நாளிலை இருந்து வாழைக்கு ஒரு வாளி தண்ணி ஊத்தாத மனுசன் திடீரெண்டு உரம் போட்டால் எனக்கு விளங்காதோ? கணை எண்டாலும் கணவன் எண்டாலும் ஏவுறவையின்ரை கையிலைதானே இருக்கு. நல்லாய்ப் போய் விழுந்தியள்."

அவர் ஆட்டுக்கல்லில் குந்தினார். கடைசியாய் ஒரு நம்பிக்கை மிச்சம் இருந்தது.

"சரி, வீடு கட்டக் கனகாலம் எடுக்கும். அதுவரைக்கும் பெடியன் கனடாவிலைதானே நிப்பான்?"

"இல்லையப்பா. பக்கத்திலை நிண்டு பாத்துத்தான் கட்டுவானாம்."

"எங்கை நிண்டு?"

"உங்களைக் கேட்டுத்தானே முடிவெடுத்தவன்! ஓட்டுக்குக் கீழை படுக்க அவனுக்குப் பயமாம். நீங்கள் எதுக்கும் பயப்பிடாத ஆள். உங்கடை கட்டிலை ஹோலிலை போட்டிருக்கு." குணலட்சுமி அகப்பையை அவர் பக்கம் நீட்டினாள். "இனிமேல் உங்கடை பக்கத்தாலை மீனும் வரக்கூடாது, செயற்கைக்கோளும் வரக்கூடாது. சம்மதமோ?"

"இதென்ன, ஒப்பந்தமோ?"

"ஓம். கையெழுத்தொண்டும் வேண்டாம். தலையை ஆட்டினால் போதும்."

ஆட்டினார்.

பிறகு எழும்பிப்போய், தன் அறைக்குள் மூக்குக்கண்ணாடியாவது மிஞ்சியிருக்கிறதா பார்ப்போமென்று கதவைத் தள்ளினார். உள்ளே பூட்டியிருந்தது.

"ஆர், அத்தானோ?" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "தட்டிப்போட்டு வாங்கோ."