ஸ்மால், மீடியம், லார்ஜ்

கோகிலாவின் மடியில் ஒரு குவியல் பனியன். விரலிடுக்கில் கத்தரி. கழுத்தில் ஒரு வெட்டு, கையில் ரெண்டு வெட்டு, நூல் பிசிறெல்லாம் பாயில். வாய் மட்டும் சும்மா இருந்தது. அது எப்போதும் சும்மாதான் இருக்கும். வயிற்றுக்குள்ளேதான் கொதிக்கும்.

இன்றைய கொதிப்புக்குக் காரணம், கட்டிலில் கால் மேல் கால் போட்டு இங்கிலீஷ் நடத்திக்கொண்டிருந்த அவள் வீட்டுக்காரர் மகுடேஸ்வரன். வேலம்பாளையத்தில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். ஓகே, நாட் ஓகே, அர்ஜென்ட் என்ற மூன்றே மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு ஐரோப்பாவையே கட்டி ஆள்கிறவர்.

பக்கத்து வீட்டு ரோஸ்மேரி அக்கா டியூஷன் எடுக்கிறாள். மூணாவது படிக்கும் மகள் யாழினியை அங்கே அனுப்ப வேண்டும், கூடவே தானும் ஓரமாய் உட்கார்ந்து நாலு எழுத்து தெரிந்துகொள்ள வேண்டும் என்று கோகிலாவுக்கு ஆசை. அவள் படிப்பு அஞ்சாவதோடு நின்றது. பள்ளிக்கூடத்தில் மிஸ் ஏதாவது கேட்டால் புருசன் முகத்தைப் பார்த்தே கழுத்து சுளுக்குகிறது. ஒருநாள் துணிந்து கேட்டும் விட்டாள்.

"டியூசனா? ஊட்டுக்குள்ள யூனிவர்சிட்டிய வெச்சுக்கிட்டு வெளிய போயி டியூசனா? இதுல நீயும் போறயா? அப்பறம் சோறு ஆரு ஆக்கறது, உங்கப்பனா? நானே சொல்லித் தர்றேன், பாரு!"

இன்று பார்த்தாள்.

"அப்பா, மூணு டிகிரி எழுதிட்டு வரச் சொன்னாங்க."

"எனக்கு ஒரு டிகிரியே இல்ல, உனக்கு மூணா கண்ணு?"

"அதில்லீங்ப்பா. ஸ்மால்னு குடுத்திருக்குது. அதுக்கு அடுத்தது ஒண்ணு, அதுக்கும் அடுத்தது ஒண்ணு எழுதோணும்."

மகுடேஸ்வரன் கடகடவென்று சிரித்தார். "இது அப்பனோட தொழிலு சாமி! எழுது. ஸ்மால், மீடியம், லார்ஜ்."

"அடுத்தது லார்ஜ்."

"லார்ஜ், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல்."

"பேட்?"

"பேட், செகண்ட்ஸ், ரிஜெக்ட்."

"பியூட்டிஃபுல்?"

மகுடேஸ்வரன் ஓரக்கண்ணால் கோகிலாவைப் பார்த்தார். "அது நம்ம ஊட்டுல ஸ்டாக் இல்ல கண்ணு. அடுத்ததுக்குப் போ."

கத்தரி நின்றது. நல்ல பனியன் ஒன்றின் கழுத்தில் ஓட்டை விழுந்திருந்தது.

மறுநாள் யாழினி முட்டை மார்க்கோடு வந்தாள். கூடவே, அப்பா அம்மா ரெண்டு பேரும் வர வேண்டும் என்று மிஸ் சொல்லி அனுப்பியிருந்தார்.

"உலகமே நம்மூரு சைஸத்தான் போட்டுட்டுத் திரியுது! முட்டை போடறதுக்கு அந்தம்மா என்ன கோழியா? கெளம்பு புள்ள, நாலு கேள்வி கேக்கறேன்!" என்று மகுடேஸ்வரன் வண்டியை உதைத்தார்.

பள்ளிக்கூடத்தில் மிஸ் முந்திக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்டார். "இதை யாருங்க சொல்லிக் குடுத்தது?" சுற்றி இருந்த டீச்சர்கள் தாளை எட்டிப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

மகுடேஸ்வரன் கொண்டு வந்த நாலு கேள்வியையும் விட்டுவிட்டு, விரலைக் கோகிலா பக்கம் நீட்டினார்.

"இவதானுங் மிஸ். அஞ்சாவதுகூடத் தாண்டல. நான் கம்பெனிக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள என்னத்தையோ எழுதிக் குடுத்துப் போடறா."

அடப் பாவி மனுசா! கோகிலாவுக்குக் காது வழியே புகை வந்தது. "அம்மா இல்லீங் மிஸ்..." என்று வாயெடுத்த யாழினியின் கையை இறுக்கிப் பிடித்தாள். இத்தனை வருஷம் சும்மா இருந்த வாய் திறந்தது.

"ஆமாங் மிஸ். நாந்தானுங்க."

மகுடேஸ்வரன் நிம்மதியாய் மூச்சு விட்டார். கொஞ்சம் பொறுத்து விட்டிருக்கலாம்.

"எனக்கு ஒண்ணுந் தெரியாதுங் மிஸ். இனி தெனமும் சாயங்காலம் கண்ணுகூட நானும் டியூசனுக்குப் போயி உக்காந்துக்கறனுங்க. இவரு ரொம்ப நல்லவருங்க. சோறாக்கி, பிசிறு வெட்டி, ஊட்டப் பாத்துக்குவாரு. இல்லீங்களா மாமா?"

மிஸ் பூரித்துப்போனார். "உங்களை மாதிரி ஒரு வீட்டுக்காரர் எத்தனை பேருக்குக் கிடைக்கும் சார்!"

மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டும். மகுடேஸ்வரன் தனக்குத் தெரிந்த மூன்று வார்த்தையில் ஒன்றைச் சொன்னார்.

"ஓகே."

அன்றிலிருந்து கோகிலாவின் வாய் சும்மா இருப்பதில்லை. சின்ன வார்த்தைக்கு வாலில் 'எர்', பெரிய வார்த்தைக்குத் தலையில் 'மோர்'. "பாத்தீங்களா மாமா, இங்கிலீசுலகூட பெரியவிகளுக்குத்தான் மோரு!" என்று சிரிப்பாள். மோர் என்றால் இன்னும் கொஞ்சம் என்று அவளுக்குத் தெரியும். அவருக்கு யாரும் சொல்லவில்லை, யூனிவர்சிட்டியிடம் போய் யார் சொல்வது?

ஒருநாள் சாயங்காலம் அவள் செருப்பு மாட்டும்போது சமையல்கட்டிலிருந்து அலறல். "ஏ கோகிலா! சோறு அடிப்பிடிக்குது! இப்ப என்ன ஊத்தோணும்?"

"மோர் தண்ணி மாமா, மோர்! அப்பறம் அன்னைக்கு ஸ்டாக் இல்லீன்னீங்கல்ல, இப்ப வந்திருக்குது, கேட்டுக்குங்க. பியூட்டிஃபுல், மோர் பியூட்டிஃபுல், மோஸ்ட்..."

"கோகிலா! ஆரம்பிச்சாச்சு, வர்றியா இல்லியா?" ரோஸ்மேரி அக்காவின் குரல். கோகிலா ஓடினாள்.

மகுடேஸ்வரன் ஃபிரிட்ஜைத் திறந்து, ஊத்துக்குளி மோர் ஒரு சொம்பை அப்படியே சோற்றுப் பானையில் கவிழ்த்தார்.