கடைசி இடத்துக்கு ஆனா கிடையாது

மனிதர்களில் வரிசைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். வருஷம் முழுக்க நம்மைப் போலவே நடமாடி, நம்மைப் போலவே தும்மி, பல்வலி வந்தால் நம்மைப் போலவே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சாதுவான பிராணிதான். ஆனால் கூடைப்பந்து சீசன் தொடங்கப் போகிறது என்று தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் வந்துவிட்டால் போதும், முதுகு நிமிரும், குரல் அடித்தொண்டைக்கு இறங்கும், பதினாறு தொழில்முறை அணிகளையும் முதலிடத்திலிருந்து கடைசி இடம் வரை ரேஷன் கடை வரிசை மாதிரி நிறுத்திவைத்துவிட்டுத்தான் அடுத்த வாய் காபி உள்ளே போகும். இன்னும் ஒரு பந்துகூடத் தரையில் தட்டப்படவில்லையே என்று கேட்காதீர்கள். தட்டிய பிறகு சொல்ல யாருக்குத்தான் தெரியாது?

அவர் விளையாடியிருக்கிறாரா? விளையாடியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை பந்து அவர் மூக்கில் பட்டது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் பேசுகிறார்.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். முதலில், "என்னைக் கேட்டா" என்று தொடங்குவார். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அடுத்து, "எழுதி வச்சுக்கங்க" என்பார். யாரும் எழுத மாட்டார்கள். மூன்றாவது அடையாளம்தான் முக்கியம்: ஆனா. "முதலிடம் இவங்கதான், ஆனா அந்த முழங்கால் தாங்கணும்." "இவங்களுக்கு ஏழாவது, ஆனா பயிற்சியாளர் மாறினா கதையே வேற." இந்த ஆனாதான் அவருடைய வரிசையின் பின்வாசல். சீசன் முடிந்து எல்லோரும் முன்வாசலில் காத்திருக்கும்போது, அவர் அந்தப் பின்வாசல் வழியாக வெளியேறி, தெருவைச் சுற்றிவந்து, கூட்டத்தோடு கூட்டமாக நின்று, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்பார்.

எனக்குத் தெரிந்த வரிசைக்காரர், சாவி வெட்டுகிறவருக்கும் சலவைக் கடைக்கும் நடுவே கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். முன்பக்கம் கண்ணாடிச் சட்டங்களை அடுக்கிவைத்துக்கொண்டு அவர் மனைவி உட்கார்ந்திருப்பாள். பின்பக்கத்து இருட்டறையில் அவர் கண் பரிசோதிப்பார். கல்யாணமான நாளிலிருந்து காலையும் மாலையும் அந்த இருட்டில் நின்றுகொண்டு, ஒரு லென்ஸைப் போட்டு "இது தெளிவா இருக்கா", இன்னொன்றைப் போட்டு "இல்லை, இதுவா" என்று கேட்டே வாழ்ந்தவர். பாவம், வேறு எப்படி ஆவார்? தலையணைகளுக்குத் தரவரிசை உண்டு. பல் மருத்துவர் வீட்டு நாற்காலிகளுக்கு உண்டு. ஒருமுறை வாய் தவறி மனைவியின் உறவினர்களை வரிசைப்படுத்திவிட்டு, ஒரு வாரம் ஹாலில் சோபாவில் படுத்தார். படுத்தவர், சோபாவுக்கு மூன்றாம் இடம் கொடுத்தார்.

சீசன் நெருங்கினால் கடை நடக்காது. ஒரு கண்ணில் லென்ஸும் ஒரு கண்ணில் மூடியுமாக ஆளை உட்காரவைத்துவிட்டு, 'நாலாவது இடம் யாருக்கு' என்று யோசித்தபடி வாசலுக்குப் போய்விடுவார். அப்படி உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பொறுமை இழந்து, மூக்கில் அந்தச் சோதனைச் சட்டத்தோடே எழுந்துபோய் பஸ் ஏறி, மகள் ஊருக்குச் சென்று, இன்றுவரை திரும்பவில்லை. நன்றாகத் தெரிகிறது போலிருக்கிறது.

இவ்வளவு பாடுபட்டும் வரிசை பலித்ததா? அதைக் கேட்டு அவர் மனசை நோகடிக்காதீர்கள். அவரிடம் முதலிடம் வாங்கிய அணியின் பயிற்சியாளர்கள் அன்றே பெட்டி கட்ட ஆரம்பிப்பதாக ஒரு பேச்சு உண்டு. ஒரே ஓர் இடம் மட்டும் அவருக்குத் தவறியதே இல்லை: கடைசி இடம். அது எப்போதும் சொந்த ஊர் அணிக்கு. காரணம், அந்த அணியின் நெட்டை ஆட்டக்காரன். வரிசைக்காரர் அவனுக்கு வைத்த பெயர் ஏணி. ஏணி கையில் பந்தைக் கொடுத்தால் அது கூடையைத் தவிர எல்லாவற்றிலும் விழும்: நடுவர் மடியில் விழும், மேளக்காரரின் மேளத்தில் விழும், ஒருநாள் இரண்டாம் மாடியில் ஒரு அம்மாள் திறந்துவைத்திருந்த கைப்பைக்குள் விழுந்து, அவர் அதை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். இந்த ஏணியை நம்பித்தான் வரிசைக்காரர் தலைநிமிர்ந்து நடமாடினார். பதினைந்து இடங்களுக்கு ஆனா போடுவார், பதினாறாவதற்கு மட்டும் போட மாட்டார். அங்கே முற்றுப்புள்ளி.

இந்த வருஷமும் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் வரிசை வெளியானது. மனைவியின் தம்பி, லிஃப்ட் பழுதுபார்க்கிறவன், எது ஏறும் எது இறங்கும் என்பதில் தனக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று நினைப்பவன், சும்மா இருக்கவில்லை.

"மாமா, மத்ததெல்லாம் விடுங்க. கடைசி இடமும் தப்பாப்போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"அதோட வரிசை போடறதையே விட்டுடறேன்" என்று பதில் எழுதினார் வரிசைக்காரர்.

அந்த ஒரு வரிக்குக் கிடைத்த கைதட்டல் பொம்மைகள், குழுவில் குழந்தை பிறந்த செய்திக்குக்கூடக் கிடைத்ததில்லை. தூரத்தில் இருக்கும் பெரியப்பா, எதற்கும் பதில் போடாதவர், இரண்டு முறை தட்டினார். ஒரு மனிதன் தன் வாழ்நாள் அடையாளத்தையே ஒருவனுடைய குறி தவறுவதன் மேல் கட்டிவைத்த கதை இது. இனிமேல்தான் வேடிக்கை.

மறுநாள் காலை கடை வாசல் இருண்டது. நிமிர்ந்து பார்த்தால் ஏணி. குனிந்துதான் நுழைந்தான். அப்படியும், விட்டத்தில் தொங்கிய பெரிய அட்டைக் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு, அதனிடம் "மன்னிச்சுக்கங்க" என்றான். பின்னாலேயே, அவன் முழங்கை உயரத்தில், அவன் மனைவி.

"இவருக்குக் கண்ணைப் பாருங்கம்மா" என்று கல்லாவில் இருந்தவளிடம் சொன்னாள். "முந்தாநாள் பக்கத்து வீட்டுக்குள்ள போய், செருப்பைக் கழட்டிட்டு, சோபால உட்கார்ந்து தண்ணி கேட்டிருக்காரு. அந்த அம்மா பயந்துபோய்க் கொண்டாந்து குடுத்திருக்காங்க. குடிச்சிட்டு, 'என்ன இன்னிக்கு சண்டையே போடாம இருக்கே'ன்னு கேட்டாராம்."

"அங்க வெளிச்சம் சரியில்லை" என்றான் ஏணி.

வரிசைக்காரர் ஊர் முழுக்க ஏசிய ஆள், முழங்கால் இரண்டையும் தாடைக்குப் பக்கத்தில் மடக்கிக்கொண்டு, அவருடைய நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருக்கிறான். மற்ற பேர்வழிகளுக்கு உயர்த்தும் நாற்காலியை இவனுக்கு இறக்கினார், இறக்கினார், அது தரையோடு போய் நின்றது. கதவைச் சாத்தினார். இருட்டு. எழுத்து அட்டைக்குப் பின்னாலிருக்கும் விளக்கின் சுவிட்சைத் தேடிக்கொண்டே, பழக்கதோஷத்தில் "மேலேருந்து படிங்க" என்றார்.

இருட்டிலிருந்து குரல் வந்தது. "ஆனா."

வரிசைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம்முடைய வார்த்தையைத் தம்மிடமே யார் போடுவது? "ஆனா என்ன?"

"ஆனாதாங்க. முதல் எழுத்து. அடுத்த வரி பானா, டானா. அதுக்குக் கீழ மானா, கானா, தானா…" என்று தொடங்கியவன், பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிப்பது மாதிரி, சின்னஞ்சிறு எழுத்து வரிசை வரை இறங்கி, "ரானா, ளானா, வானா" என்று முடித்தான்.

அப்புறம்தான் வரிசைக்காரர் சுவிட்சைத் தட்டினார். அட்டை பளிச்சென்று எரிந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும்தான் பார்த்தார் என்பதே சரி.

"எதைப் பார்த்துப் படிச்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஏணி மடங்கிய முழங்கால்களைத் தடவிக்கொண்டான். கிளப் டாக்டரிடம் இருப்பதும் இதே அட்டைதானாம். அணியில் சேர்ந்ததிலிருந்து மாற்றவில்லையாம். வருஷா வருஷம் வரிசையில் தனக்கு முன்னால் நிற்பவன் படிப்பதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகிவிட்டதாம். தெரிந்தால் ஏமாற்றிவிட்டான் என்று துரத்திவிடுவார்கள், இந்த வருஷமும் பந்து விழவில்லை என்றாலும் துரத்திவிடுவார்கள், தனக்கு வேறு வேலை தெரியாது, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்றான்.

"சரி, கூடையாவது தெரியுமா?"

"இருக்கற இடம் தெரியும்ங்க. வெள்ளையா ஒண்ணு புகை மாதிரி நிக்கும். அங்கதானே வச்சிருப்பாங்க?"

அன்பான வாசகரே, இப்போது வரிசைக்காரரின் நிலைமையைப் பாருங்கள். 'கண் நன்றாக இருக்கிறது, ஓய்வெடுத்தால் போதும்' என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஏணி எப்போதும்போலப் புகையைப் பார்த்து எறிவான், பந்து மேளத்தில் விழும், ஊர் அணி கடைசியில் நிற்கும், வரிசைக்காரர் வரிசைக்காரராகவே வாழ்வார். அப்படிச் சொல்ல மாட்டார், நல்ல மனுஷர் என்கிறீர்களா? சொன்னார். கூசாமல் சொன்னார். "கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அதோடு வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால், வாழ்நாள் முழுக்க எந்த வாக்கியத்தையும் பின்வாசல் வைக்காமல் கட்டிப் பழகாத நாக்கு, அவரைக் கேட்காமலே அடுத்த வார்த்தையை வெளியே தள்ளிவிட்டது.

"ஆனா…"

கதவு திறந்தது. "ஆனா?" என்றாள் ஏணியின் மனைவி. அவள் தலைக்கு மேலாக எட்டிப் பார்த்து, "ஆனா என்னங்க?" என்றாள் வரிசைக்காரரின் மனைவி. அவளுக்கு அந்த வார்த்தையின் எல்லா ராகங்களும் தெரியும். இது புதிய ராகம். புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். லென்ஸ் இல்லாமலே ஊடுருவும் பார்வை.

அப்புறம் அவரால் என்ன செய்ய முடியும்? சோதனைச் சட்டத்தை ஏணியின் மூக்கில் மாட்டினார். கை தன் வேலையைப் பார்த்தது. இது தெளிவா, இதுவா. இதுவா, இதுவா. லென்ஸ் மேல் லென்ஸாகப் போய், கடைசியில் ஒன்று சொருகியதும் ஏணி மூச்சுவிடுவதை நிறுத்தினான். அட்டையின் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது ழானாவாங்க?" என்றான். "எனக்கு முன்னாடி நிக்கறவன் ளானான்னுதாங்க சொல்லுவான்."

ழகரம் வராத ஒரு சக ஆட்டக்காரனிடம் பாடம் கேட்டு, வருஷக்கணக்காகத் தப்பெழுத்து ஒப்பித்திருக்கிறான். கிளப் டாக்டருக்கும் ழகரம் வராது போலும். வெளியே தெரியாதபடி கண்ணுக்குள் வைக்கிற கான்டாக்ட் லென்ஸ் ஒரு ஜோடி தந்து, போடும் விதத்தைச் சொல்லிக்கொடுத்து அனுப்பினார் வரிசைக்காரர். போகும்போது ஏணி தன் மனைவியை உற்றுப் பார்த்து, "இந்தச் சட்டைல பூ போட்டிருக்கா?" என்று கேட்டான். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியதாம்.

எனக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று கேட்கிறீர்களா? கண்ணாடிக் கடையில் சட்டங்களை மாட்டி மாட்டிப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். யாரும் போகச் சொல்ல மாட்டார்கள்.

முதல் ஆட்டத்தை, என்னையும் சேர்த்து, எல்லோரும் வரிசைக்காரர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். மூன்றாம் இடத்துச் சோபாவில் மச்சினன் காலை நீட்டிக்கொண்டான். ஏணி கைக்குப் பந்து வந்தது. அவன் எறியவில்லை. கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கூட்டம் ஊளையிட்டது. வளையத்தை, வலையை, வலையின் முடிச்சுகளை, நெடுநாள் தேடிய ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு அப்புறம் எறிந்தான். பந்து எதிலும் இடிக்காமல் வலைக்குள் இறங்கியது.

"தெரியுது!" என்று வரிசைக்காரர் துள்ளி எழுந்துவிட்டார்.

"என்ன மாமா தெரியுது?"

"உங்க மாமாவுக்கு வயசாகறது தெரியுது. உக்காருங்க" என்று மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த கையை அவள் ஆட்டம் முடியும்வரை விடவில்லை என்பது என் பார்வைக்குத் தப்பவில்லை.

சீசன் முடிந்தபோது ஊர் அணி ஐந்தாவதாக வந்தது. மேலேயிருந்து. குழுவில் மச்சினன் ஆரம்பித்தான். "என் லிஃப்டு தோத்துது மாமா, தரைத் தளத்துலேருந்து ஒரே மூச்சுல மேல போயிடுச்சே" என்றான். பெரியப்பா மூன்று முறை தட்டினார். வரிசைக்காரர் சொன்ன சொல் மாறாமல் எழுதினார்: "இனிமே வரிசை போட மாட்டேன்." முற்றுப்புள்ளியும் வைத்தார்.

அப்படியே விட்டிருந்தால் அவர் வேறு இனம். அவருக்குள் என்ன கொதித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஊரிலுள்ள வரிசைக்காரர்கள் எல்லோரும் வெளியே நின்று ஆரூடம் சொன்னவர்கள். இவர் ஒருவர்தான் நிஜமாகவே ஒரு சீசனைப் புரட்டிப் போட்டவர். அதைச் சொல்ல முடியாது! கட்டை விரல் தானாக நகர்ந்தது. 'ஆனா' என்று அடித்தது. 'ஆனா அவனுக்குக் கண்ணைத் திறந்ததே…' என்று போக வேண்டும். பக்கத்தில் மனைவி கண்ணாடிச் சட்டம் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தினாள். விரல் பதறி, அழிப்பதற்குப் பதில் அனுப்பிவிட்டது.

"ஆனா என்ன மாமா?" என்று உடனே கேட்டான் மச்சினன். மொத்தக் குடும்பமும் பின்வாசலுக்கு வந்து காத்து நின்றது.

வரிசைக்காரர் எழுதினார்: "ஆனாதான். முதல் எழுத்து."

ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. மாமாவுக்குத் தோல்வி தலைக்கேறிவிட்டது என்று முடிவு கட்டினார்கள். அன்று அவர் மனைவியின் வரிசையில் ஏதோ ஓர் இடம் ஏறினார். எந்த இடம் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இதைச் சொல்லி முடிக்கும்போது உங்களைத்தான் பார்க்கிறேன், வாசகரே. கூடைப்பந்துக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்று நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். மெத்தச் சரி. ஆனால் படித்துக்கொண்டே வரும்போது, இந்த மனைவிக்கு முதலிடம், ஏணிக்கு இரண்டாவது, அந்த மச்சினனுக்குக் கடைசி என்று உள்ளுக்குள் யாரோ நிறுத்திவைத்துக்கொண்டே வந்தார்களே, அது யார்? போன வாரம் படித்ததோடு இதை ஒப்பிட்டு, இது தெளிவா அதுவா என்று லென்ஸ் மாற்றிப் பார்த்தது யார்? இப்போதுகூட, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதற்காக ஒரு வாக்கியம் உங்கள் தொண்டை வரை வந்து நிற்கிறது. எனக்கு இங்கிருந்தே கேட்கிறது.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா…"