படுக்கையில் கிடப்பவர்களுக்கான ஜெபத்தில் என் பெயர்

கருங்கல்
1934 ஆகஸ்டு

கர்த்தருக்குள் அன்பான மகன் ரசலையனுக்குத் தகப்பன் இஸ்ரவேல் எழுதுவது. இங்கே பசு சுகம், கோழிகள் சுகம், உன் மனைவி நேசபாய் மெத்த சுகம். பீர்மேட்டுக் குளிரில் நீயும் சுகமாயிருக்க ஆண்டவர் கிருபை செய்வாராக. நானும் சுகமாகத்தான் இருக்கிறேன். அப்படிச் சொல்லிக்கொள்ள இந்த வீட்டில் எனக்கு அனுமதியில்லை.

முதுமையில் உடம்பைப் பேணுவது எப்படி என்று தேயிலைத் தோட்டத்து டாக்டர் சொன்னதையெல்லாம் போன கடிதத்தில் எழுதினாயே, வெயிலில் நிற்கக் கூடாது, குனியக் கூடாது, கட்டியானதைத் தின்னக் கூடாது, வாழைத்தோட்டத்தைப் பக்கத்து வீட்டு ஜெயபாயின் புருஷனுக்குப் பாட்டத்துக்கு, குத்தகையாக, விட்டுவிட்டு அப்பா சும்மா இருக்கட்டும் என்று. அதை நேசபாய் வேதவசனம் போல மனப்பாடம் செய்துவிட்டாள். மறுநாளே மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் போய்க் குருணைக் கஞ்சி வந்தது. என் மம்பட்டியைக் காணவில்லை. கேட்டால், "அவிய எழுதியிருக்காவ மாமா, இனி நீங்க தோட்டத்துக்குப் போவண்டாம், சும்மா இருந்தாப் போரும்" என்கிறாள். மராமத்து இலாகாவில் கல் மேஸ்திரியாக இருந்து விலகிய பிறகு சும்மா இருக்க முடியாமல்தானே அந்தப் பாறைக்காட்டைக் கொத்தி வாழை வைத்தேன். என்னோடு விலகிச் சும்மா இருந்தவர்களெல்லாம் இப்போது கல்லறைத் தோட்டத்தில் இன்னும் நன்றாகச் சும்மா இருக்கிறார்கள்.

மம்பட்டி இல்லாவிட்டால் கை இருக்கிறதே என்று தோட்டத்துக்குப் போய் வாழைச் சருகு அறுத்தேன். காலில் முள் ஏறியது. அதை எடுக்க வரப்பில் உட்கார்ந்தேன். அந்த வழியாக வந்த ஜெயபாய் நான் உட்கார்ந்ததைக் கண்டாள், முள்ளைக் காணவில்லை. "மேஸ்திரி அண்ணன் விழுந்து கெடக்காரு" என்று சந்தை வரைக்கும் கேட்கச் சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்தில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. நேசபாய் அழுதுகொண்டே உபதேசியார் யேசுரத்தினத்திடம் ஓடினாள். ஆராதனையில் படுக்கையில் கிடப்பவர்களுக்காக ஜெபிக்கும்போது வாசிக்கிற பெயர்களோடு என் பெயரையும் சேர்த்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நான் நடந்து போய் ஆண்கள் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டு, "படுக்கையோடு படுக்கையாய்க் கிடக்கிற முதியவர் இஸ்ரவேலைக் கண்ணோக்கும் ஆண்டவரே" என்கிறார். "ஓய் உபதேசியாரே, நான் இஞ்சதான் இருக்கேன்" என்றேன். ஜெபத்தின் நடுவே கண் திறக்கலாகாது என்று ஒருவரும் திறக்கவில்லை. ஆமென் சொல்லித் திறந்தவர்கள் என்னைக் கண்டார்கள். ஜெபம் கேட்கப்பட்டது என்று சபையே எழுந்து பாடியது. சாட்சி சொல்லும்படி என்னை முன்னே கொண்டு நிறுத்தினார்கள். "காலுல முள்ளு கேறினது தவிர எனக்கு ஒரு தீனமும் இல்ல" என்று சாட்சி சொன்னேன். "பாவம், புத்தியும் பெசகிப் போச்சு" என்று பெண்கள் பக்கத்தில் ஒருத்தி சொன்னாள். காது நன்றாகக் கேட்கிறது என்பதையாவது டாக்டரிடம் சொல்.

பெயரை எடுத்துவிடும்படி கேட்டதற்கு, "முழுசும் சொகமாவட்டும் மேஸ்திரியாரே, ஜெபத்தப் பாதியில விடப்பிடாது" என்கிறார் உபதேசியார். அன்று முதல் வீட்டில் ஆள் ஒழியவில்லை. என் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, நான் இல்லாதது போல நேசபாயிடம், "ராத்திரி ஒறங்குதாரா? கஞ்சி எறங்குதா?" என்று விசாரிக்கிறார்கள். ஒருவர் கொண்டுவந்த கஷாயத்தை இன்னொருவர் குறை சொல்லி என் கட்டிலைச் சுற்றியே சண்டை. ஊருக்கெல்லாம் சவப்பெட்டி செய்கிற நாராயணபெருமாள் ஆசாரியும் வந்தார், என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"என்னவே, அளவா எடுக்கீரு?"

"சேச்சே, சும்மா பாத்தேன். காலை மட்டும் இத்திரி நீட்டும் மேஸ்திரி."

ரசலையா, முதுமையைப் பற்றி நீ டாக்டரிடம் கேட்டாய், முதியவனிடம் கேட்கவில்லை. குனிந்தால் விழுவேன் என்கிறீர்கள். குனிய ஒரு வேலை இல்லாவிட்டால் காலையில் நான் எதற்காக எழுந்திருக்க வேண்டும்? தோட்டத்தைப் பாட்டத்துக்கு விட நான் சம்மதியேன். உயிர் உள்ளவரை அதில் வேறொருவன் கன்று நட முடியாது. ஆகவே மம்பட்டியைத் தரும்படி உன் மனைவிக்கு எழுது. ஜெபத்திலிருந்து என் பெயரை எடுக்கும்படி உபதேசியாருக்கும் எழுது. அந்தப் பெயர் இருக்கிறவரை ஊர் என் வாசலை மிதித்துக்கொண்டேதான் இருக்கும்.

மலைச் சரிவில் உன் கால் வழுக்காமல் ஆண்டவர் காப்பாராக. வழுக்கினாலும் அதை ஜெயபாயைப் போல ஒருத்தி காணாதிருப்பாளாக.

இப்படிக்கு,
படுக்கையில் இல்லாத உன் தகப்பன்
இஸ்ரவேல்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் ஒரு ஞாயிறு கழிந்தது. உபதேசியார் தானாகவே என் பெயரை விட்டுவிட்டார். நேசபாயும் என்னோடு சண்டை போட்டு அலுத்து மம்பட்டியைத் தந்துவிட்டாள். வாரம் முழுக்கக் கொத்தினேன். ஓர் ஆளும் இந்தப் பக்கம் வரவில்லை. ஜெயபாய்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். நேசபாய் கஞ்சியை வைத்துவிட்டு உள்ளே போனபின் பேச எனக்குப் பசுதான் இருக்கிறது. ஆகையால் உபதேசியாருக்கு நீ எழுதும்போது, என் பெயரைத் திரும்பவும் சேர்க்கும்படி எழுது. நான் கேட்டதாகத் தெரிய வேண்டாம். தோட்டத்தை மட்டும் விட மாட்டேன். பார்க்க வருகிறவர்கள் அங்கே வந்து பார்க்கட்டும்.