அளவு அண்ணையும் ஹம்பேர்க் பேரனின் பூசணிக்காயும்

கிழக்கு ஜெர்மனியில் எந்த மண் யாருக்குச் சொந்தம் என்பது உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவருக்குச் சொந்தமாக ஒரு பூந்தொட்டிகூடக் கிடையாது.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அங்கே ஹாலே நகரில் நானும் அவரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் மதுரையிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், நில அளவையாளர் ஒருவரிடம் கோல் பிடிக்கும் உதவியாளர். ஊரில் எல்லாருக்கும் ‘அளவு அண்ணை’.

அங்கே அப்போதும் காணிக் குழப்பம் ஓயவில்லை. கம்யூனிஸ்ட் அரசு அடுத்தவர் நிலத்தில் வீடு கட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தது. அந்த அரசு போனதும், பழைய சொந்தக்காரர்களின் பேரப்பிள்ளைகள் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். இந்த வழக்குகளுக்கு அளந்து அளந்து, அண்ணைக்கு அது உடம்பில் ஊறிவிட்டது.

எங்கள் ஃபிரிட்ஜுக்குள் நூல் கட்டி எல்லை பிரித்தார். ஒருநாள் என் தயிர்க் கிண்ணம் இரண்டு சென்டிமீட்டர் தாண்டிவிட்டது. அவர் சண்டை போடவில்லை. எழுத்தில் அறிவிப்புக் கொடுத்தார். ஆட்சேபிக்க ஒரு மாத அவகாசம். தயிருக்கு அவ்வளவு ஆயுள் இல்லை.

ஒரு கல்யாணத்தில், மணவறை மண்டபத்துக்கு நடுவில் இல்லை என்று கண்டுபிடித்து, தாலி கட்டும் நேரத்தில் அதை நகர்த்தவைத்தார். ஐயர் அக்கினியோடு நகர்ந்தார்.

எங்கள் பின்வீட்டில் லேமான் அம்மா என்ற விதவைக் கிழவி இருந்தார். தன் தோட்டத்து மூலையில் அண்ணையைப் பூசணி போட விட்டிருந்தார். காய்த்தது ஒன்றே ஒன்று. அதன் சுற்றளவை அண்ணை தினமும் காலையில் நாடா பிடித்துக் குறித்துவைப்பார்.

அந்த நேரம் பார்த்து ஹம்பேர்க்கிலிருந்து ஒரு பேரன் கோட்டு சூட்டோடு வந்தான். பக்கத்து நிலம் அவனுடைய தாத்தாவுடையதாம். கிழவியின் சமையலறையில் பாதி அதில்தான் நிற்கிறதாம், இடித்துத் தர வேண்டுமாம். கிழவி அன்று முழுக்கச் சமைக்காமல் அடுப்பருகிலேயே உட்கார்ந்திருந்தார்.

பழைய எல்லைக்கல் கிடைத்தால்தான் தீர்ப்பு. அளவையாளர் வந்தார், கோல் பிடிக்க அண்ணையும் வந்தார். வரைபடத்தை விரித்துப் பார்த்த அண்ணை, கல் தன் பூசணிக்கொடிக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்று தானே காட்டினார். காய் முற்றும்வரை பொறுக்கலாமே என்று கிழவியே கெஞ்சினார். நானும் அண்ணையைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

“ஏலாது தம்பி. என்ர பூசணிக்காயைக் கேட்டோ கல்லை நட்டவங்கள்?”

தோண்டினார்கள். முழங்கால் ஆழத்தில் கல் தட்டியது. சமையலறை ஒரு சாண் வித்தியாசத்தில் தப்பியது. பூசணி மூலை மட்டும் பேரன் பக்கம் போய்விட்டது.

கொடி நின்ற நிலத்தையும் காயையும் பேரன் மாறி மாறிப் பார்த்தான். அவன் வாய் திறக்குமுன் அண்ணை காயை அறுத்து, மண்ணைத் துடைத்து, சுற்றளவு சொல்லி அவன் கையில் கொடுத்தார். கேட்க வந்தது சமையலறை. சூட்டோடு பூசணிக்காயை அணைத்துக்கொண்டு காருக்குப் போனான்.

மாலையில் கிழவி பிளம்ஸ் கேக் கொடுத்தனுப்பினார். வருத்தமாக இல்லையா என்று அண்ணையிடம் கேட்டேன்.

“கவலைதான். இன்னும் ரெண்டு கிழமையில முத்தியிருக்கும்,” என்றார். பிறகு பின்வீட்டு ஜன்னலைப் பார்த்தார். “ஆனா அந்த மனிசி இப்ப சமைக்குது, பாத்தீரோ?”

கண்ணாடிக்குப் பின்னால் ஆவி பறந்துகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் கேக்கை மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த மனிதரோடு ஒரே கூரையின் கீழ் இருந்ததை இன்றும் யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடிவதில்லை.