சீயக்காய் அண்ணனும் நாற்பதாவது தலையும்

மதுரையில் எண்ணெய்க்கு எதிராகத் தனியாளாக நின்று சண்டை போட்ட ஒரே மனிதர் சீயக்காய் அண்ணன்தான். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், கரிசலாங்கண்ணி போட்டு வீட்டில் காய்ச்சியது என்று தலையில் எது இருந்தாலும் பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவார். டவுன் பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் தலையை மோந்துவிட்டு, "அண்ணே, இது நேத்து வச்சதா, இன்னைக்குக் காலைலயா?" என்று கேட்டு, அவர் கையை ஓங்கியதும் காளவாசல் நிறுத்தத்தில் அவசரமாக இறங்கி ஓடியிருக்கிறார். ஒருமுறை தன் கல்யாண ஆல்பத்தை என்னிடம் காட்டினார். அண்ணி அழகாக இருக்கிறார் என்று நான் வாயெடுப்பதற்குள், "பாரு தங்கச்சி, என் தலையில எம்புட்டு எண்ணெய்! அப்ப எனக்கு விவரம் பத்தாது" என்று வருத்தப்பட்டார்.

அந்தக் கோபத்துக்குக் காரணம் அவர் பார்த்த வேலை. சில வருடங்களுக்கு முன் இங்கே ஒரு மருத்துவமனையின் பின்கட்டில் மூளை ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இருந்தது. மூளைக்குள் ஓடும் மெல்லிய மின்சாரத்தைத் தலைக்கு வெளியிலிருந்தே பதிவு செய்யும் இ.இ.ஜி. கருவிதான் அங்கே மூலவர். அறுபத்து நான்கு பொத்தான்கள் தைத்த ஒரு குல்லாவைத் தலையில் மாட்டி, ஒவ்வொரு பொத்தானுக்குக் கீழும் முடியை விலக்கி, பசை வைத்து, தலைத்தோலைத் தொட வைக்க வேண்டும். நடுவில் எண்ணெய் இருந்தால் மூளை என்ன சொன்னாலும் கருவிக்குக் கேட்காது. அண்ணன் அதற்கு டெக்னீஷியன். நான் வருகிறவர்களிடம் மனச்சோர்வுக் கேள்வித்தாளைப் படித்துப் பதில் வாங்குகிற ஆள். சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு, திருமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோனேன்.

மனச்சோர்வு உள்ளவர்களின் மூளையில் ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு எப்படித் தொடர்பு வைத்துக்கொள்கிறது, சோர்வு இல்லாதவர்களுக்கு அது எப்படி இருக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. எங்கள் புரபசர் மேடம் மனநல மருத்துவர். அவர் இதைப் பலகையில் புள்ளியும் கோடுமாக வரைந்து அரை மணி நேரம் விளக்குவார். வந்தவர்கள் கோலத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்கள். அண்ணனுக்கு ஒரு வரி போதும்.

"ஒங்க மூளைக்குள்ள இருக்கற பங்காளிக ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிறாகளா, மூஞ்சியத் திருப்பிக்கிறாகளான்னு பாக்கப் போறோம். அம்புட்டுத்தேன்."

அதற்குப் பிறகு யாரும் சந்தேகம் கேட்டதில்லை.

நோயாளிகள் வேண்டிய அளவு கிடைத்துவிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்கச் சோர்வில்லாத நாற்பது பேர் வேண்டும். அங்கேதான் சிக்கல். கருவி வெளியூர் நிறுவனம் ஒன்றிடம் இரவல் வாங்கியது. ஆடி முடிவதற்குள் நாற்பது தலை சேர்ந்தால் அது மதுரையிலேயே இருக்கும். சேராவிட்டால் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். தற்காலிக ஊழியரான அண்ணனின் வேலையும் அதே வண்டியில் போய்விடும். ஆனால் நல்லா இருக்கிறவர்களைக் கூப்பிட்டால், "எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?" என்று சண்டைக்கு வந்தார்கள். மனது வைத்து வந்த சிலரோ, தலை நிறைய எண்ணெய் வைத்து, படிய வாரி, பூவும் வைத்துக்கொண்டு வந்தார்கள். தலையைப் பார்க்கப் போகிறார்கள் என்றால் தலையைச் சீவிக்கொண்டுதானே வர வேண்டும்? அவர்கள்மேல் தப்பே இல்லை.

அண்ணன் முதலில் திருப்பி அனுப்பிப் பார்த்தார். போனவர்கள் வரவில்லை. பிறகு ஒரு நாள் வீட்டிலிருந்து ஒரு டப்பா சீயக்காய்த் தூளுடன் வந்து, கூடத்துக்குப் பின்னால் இருந்த குழாயடியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டார். வருகிறவர்களுக்கு அங்கேயே தலைக்குளியல். ஷாம்பூ வாங்கலாமே என்று மேடம் சொன்னதற்கு, "அது எண்ணெயப் பாத்தா சமாதானம் பேசும் மேடம். சீயக்காதேன் வெரட்டும்" என்றார். அன்றைக்கு ஒட்டிய பெயர். ஆண்களுக்கு அவர் தேய்த்தார், பெண்களுக்கு நான். முதுகலைப் பட்டத்துக்கு இப்படி ஒரு பயன் உண்டு என்று கல்லூரியில் யாரும் சொல்லித் தரவில்லை.

தலை காய்ந்ததும் குல்லா. கண்ணை மூடி ஐந்து நிமிடம் எதையும் நினைக்காமல் இருக்க வேண்டும் என்று விதி. மேலூரில் நெல் வியாபாரம் செய்கிற ஒரு அம்மாள், "எதையும் நினைக்கக் கூடாதுன்னு நினைக்கலாமா தம்பி?" என்று கேட்டார். அண்ணன் விதியை அங்கேயே மாற்றினார்.

"எத வேணா நினைங்கத்தா. ஆனா மூஞ்சில காட்டாதீக. நெத்தி சுருங்குனா கோடெல்லாம் குதிக்கும்."

ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, திரையில் கோடுகள் எகிறின.

"யார நினைச்சீக?"

"எம் மருமகள."

"அவுகள விட்ருங்க. மகன நினைங்க."

மறுபடியும் குதித்தது.

"மகன நினைச்சாலும் அவதேன் தம்பி கூடவே வாரா."

கடைசியில் அந்த அம்மாளைக் கிடாய்க்குட்டி ஒன்றை நினைக்கச் சொல்லி அண்ணன் பதிவை முடித்தார். கோயிலில் மொட்டை போட்டுவிட்டு நேராக வந்த ஒரு குடும்பத்தைப் பார்த்து அவர் துள்ளியதும், மொட்டைகள் முழுக்கச் சந்தனம் என்று தெரிந்ததும் அழாத குறையாக ஸ்டூலில் உட்கார்ந்ததும் இன்னொரு நாள் கதை.

குழாயடியில் இன்னொன்றும் நடந்தது. என் மேஜையில் "இல்ல, இல்ல, நல்லாத்தேன் இருக்கேன்" என்று எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னவர்கள், தலையில் தண்ணீர் விழுந்ததும் வேறு மாதிரி பேசினார்கள். குனிந்திருக்கிறவருக்கு எதிராளியின் முகம் தெரிவதில்லை, அதனால் இருக்கலாம். "ஒரு வருசமா சோறு எறங்கல தாயி" என்று ஒருத்தர் சொன்னார். அப்படிப்பட்டவர்களை நாங்கள் எண்ணிக்கையிலிருந்து கழித்துவிட்டு, அவர்கள் சம்மதித்தால் மேடத்திடம் கூட்டிப்போவோம். ஒவ்வொரு முறையும் அண்ணனின் வேலை ஒரு தலை தூரம் தள்ளிப் போகும். அவர் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை.

இதற்கிடையில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த வருடம் நானே சரியாக இல்லை. காரணம் என்று எதுவும் கிடையாது, வெட்கமே அதுதான். வீட்டில் சண்டை இல்லை, யாருக்கும் நோய் இல்லை. ஆனால் தூக்கம் இல்லை, பசி இல்லை, எதிலும் ருசி இல்லை. ஒரு நாள் காலை எல்லோரும் இறங்கிய பிறகும் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் வந்து, "இது டெப்போவுக்குப் போற வண்டிம்மா" என்று இறக்கிவிட்டார். மனச்சோர்வுக் கேள்வித்தாள் எனக்கு மனப்பாடம். பஸ்ஸில் வரும்போது எனக்கு நானே மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். அபாய அளவைத் தாண்டியிருந்தது. அதைத் தமிழில் மொழிபெயர்த்ததும் நான்தான், எனவே மொழிபெயர்ப்பில் ஏதோ கோளாறு என்று முடிவு செய்துகொண்டேன். ஊருக்கெல்லாம் "வெக்கப்படாம சொல்லுங்கம்மா" என்று உபதேசம் செய்கிறவள், தன் விஷயத்தை மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் வேலையைவிட்டு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் வேறு.

ஆடியின் கடைசி வெள்ளி, கெடு முடிகிற நாள். முப்பத்தொன்பது தலை முடிந்திருந்தது. நாற்பதாவதாக வருவதாகச் சொன்ன கொத்தனார் போனை அணைத்துவிட்டார். மாலை ஐந்து மணிக்குள் நாற்பது பதிவும் அந்த நிறுவனத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அண்ணன் வாசலுக்கும் குழாயடிக்குமாக நடந்தார்.

"நான் ஒக்காரட்டுமாண்ணே?" என்றேன். "என் தலையில எண்ணெயே கிடையாது. கழுவக்கூட வேண்டாம்."

அவர் முகம் மலர்ந்தது. மேடத்திடம் கேட்டுக்கொண்டு வந்தார். மேடமும் சரி என்றுவிட்டார். நான் கேள்வித்தாளை எடுத்து, எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று மேலிருந்து கீழே ஒரே இழுப்பாகக் குறித்துக் கையெழுத்துப் போட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தேன். அண்ணன் என் கொண்டையை அவிழ்த்தார்.

அதற்கப்புறம் அவர் கை அசையவில்லை. வாரக்கணக்காகச் சீப்பு படாத முடி. உள்ளே சடை சடையாகச் சிக்கு. வெளியே தெரியாமல் சுருட்டிச் சுருட்டிக் கொண்டை போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"எத்தனை நாளா தங்கச்சி?"

"என்னண்ணே?"

"எண்ணெய் இல்லாத தலையப் பாத்தா எனக்குச் சந்தோசம் வரணும். ஒந் தலையப் பாத்தா பயமா இருக்கு."

"டயம் ஆச்சுண்ணே, குல்லாவ மாட்டுங்க. நாப்பது முடியட்டும்."

"இது எண்ணிக்கைல வராது."

"மிஷின் போயிரும்ணே. ஒங்க வேலையும் போயிரும்."

"தப்பான தலையச் சேத்தா டேட்டா கெட்டுப்போயிரும். நான் டேட்டாவுக்குத்தேன் சொல்றேன்" என்றார். டேட்டாவுக்காகப் பேசுகிறவரின் குரல் அப்படி நடுங்காது.

நான் அழுதேன். சின்ன அழுகை இல்லை, பக்கத்து வார்டிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்க்கிற அளவுக்கு. அண்ணன் குல்லாவைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். பிறகு, அந்தக் கூடத்தில் யாருமே அவர் வாயால் கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

"இன்னைக்கு வீட்டுக்குப் போயி மொதல்ல தலைக்கு நல்லா எண்ணெய் வை. அம்மாவ வாரிவிடச் சொல்லு. அதுக்கு முன்னாடி மேடத்துட்ட சொல்லிரு. நான் சொல்ல மாட்டேன், நீதேன் சொல்லணும். வாசல்ல நிக்கிறேன்."

நின்றார். உள்ளே மேடம் நான் கையெழுத்துப் போட்ட தாளைக் கிழித்துவிட்டு, அதே கேள்விகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுக் கேட்டார். இந்த முறை உள்ளதைச் சொன்னேன். மொழிபெயர்ப்பில் ஒரு குறையும் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வேலையைவிட்டு அனுப்புவார்களா என்று கேட்டதற்கு, "காய்ச்சல் வந்தா அனுப்புவேனா?" என்று கேட்டுவிட்டு மேடம் மருந்துச் சீட்டு எழுதினார். கதவைத் திறந்தபோது அண்ணன் நின்ற இடத்திலேயே இருந்தார். மணி ஐந்தரை.

மறு வாரம் வண்டி வந்து கருவியைத் தூக்கிக்கொண்டு போனது. பிறந்த குழந்தையைச் சுற்றுவதுபோல் அண்ணன் குல்லாவைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். என்னால்தானே என்று நான் சொன்னபோது, "முப்பத்தொம்பது சுத்தமான தலை தங்கச்சி. கத்திரிக்கா வாங்குனாக்கூட ஒரு சொத்தை கலந்தா மொத்தக் கூடையையும் சந்தேகப்படுவாக" என்றார். சொத்தைக் கத்திரிக்காய் என்று என்னை யாரும் அவ்வளவு பிரியமாகத் திட்டியதில்லை.

நான் சரியாவதற்குப் பல மாதங்கள் ஆயின. மாத்திரை, மேடத்தோடு பேச்சு, மறுபடி மாத்திரை. அண்ணன் இரண்டு மாதம் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். அப்புறம் மேடம் சொல்லி, அதே மருத்துவமனையில் இதயத்துக்கு இ.சி.ஜி. எடுக்கிற பிரிவில் சேர்ந்தார். வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"தலை தேவல தங்கச்சி. நெஞ்சு பூரா பவுடரப் பூசிட்டு வாராய்ங்க! வயரு ஒட்ட மாட்டேங்குது. கல்யாணத்துக்கா போறாய்ங்க?"

இப்போது அவருடைய அறையில் ஈரத்துண்டுகள் அடுக்கி வைத்திருக்கிறார். மதுரைப் பவுடருக்கு எதிரான சண்டை மும்முரமாக நடக்கிறது.

எப்போதாவது அந்தப் பக்கம் போனால் எட்டிப் பார்ப்பேன். "இன்னைக்கு எப்படி?" என்றுதான் கேட்பார். போன மாதம் போனபோது, "இந்த வாரம் அவ்வளவு நல்லா இல்லண்ணே" என்றேன். அவர் உடனே எழுந்தார். காத்திருந்த பவுடர்க்காரரிடம், "சித்த இருங்க, எந் தங்கச்சி வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு வந்து பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நானாக எழுந்திருக்கும்வரை இருந்தார். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் இப்படித்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.